பெர்கன் மழை

சென்னை வேளச்சேரியில் மழை வலுத்தால் எங்கள் தெருக்காரர்கள் முதலில் செய்கிற வேலை, காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்துவது. அப்புறம் மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன், கீழ்வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றுவது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே மழையை ரசிக்கிற தெம்பு யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் சன்ஷேடில் சடசடவென்று அது விழத் தொடங்கியதும் மனசு மட்டும் நார்வேக்கு ஓடிவிடுகிறது.

ஆஸ்லோவில் குடியிருந்தபோது ஒரு செப்டம்பரில் கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பெர்கனுக்குப் போனோம். என் கணவர் ஓட்டினார். வழியில் லேர்டால் சுரங்கம்: 24.5 கிலோமீட்டர், 2000-இல் திறந்தது, சாலைச் சுரங்கங்களில் உலகிலேயே நீளமானது. ஓட்டுகிறவர் கண் அசந்துவிடாமல் இருக்க, உள்ளே மூன்று இடங்களில் குகை மாதிரி அகலமாகக் குடைந்து நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். அந்த இருபது நிமிஷம்தான் வைப்பருக்கு ஓய்வு. வெளியே வந்ததும் மறுபடி பிடித்த மழை, ஊர் திரும்பும்வரை விடவில்லை.

பெர்கனில் இது அதிசயமே இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற ஈரக்காற்று, ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளில் மோதி மேலேறிப் பொழிந்துவிடுகிறது. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400. நம்முடையதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அவர்களுக்கு வருஷம் முழுக்கத் தவணை. அதனால் குழந்தைகள் ரப்பர் பூட்ஸோடு பள்ளிக்கூடம் போகின்றன, மீன் மார்க்கெட் திறந்திருக்கிறது, யாரும் யாரிடமும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஃப்ளோயன் மலைக்கு 1918 முதல் கம்பிவட ரயில் ஓடுகிறது. மேலே போனால் துறைமுகம் முழுக்கத் தெரியும் என்றார்கள். எங்களுக்கு மேகம் தெரிந்தது. கீழே வந்து பிரிக்கன் துறையில், சாய்ந்து நிற்கும் மர வீடுகளுக்கு நடுவே நனைந்துகொண்டே நடந்தோம். அந்தக் காலத்தில் வடக்கே லோஃபோட்டன் தீவுகளிலிருந்து வந்த கருவாடு (உப்பே போடாமல் காற்றில் காய்ந்த காட் மீன்) இங்கேதான் இறங்கும். ஜெர்மன் வணிகர்கள் அதை வாங்கிக்கொண்டு தானியம் கொடுத்தார்கள். தீக்குப் பயந்து அந்த மரக் கட்டடங்களுக்குள் அடுப்பே மூட்டக் கூடாது என்று விதி. சமையலுக்குப் பின்பக்கம் தனிக் கூடம். அப்படியும் 1702-இல் எல்லாம் எரிந்து, பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். படுக்கைக்குக் காலடியில் காஸ் அடுப்பு வைத்துச் சமைத்த எங்களை அந்த வணிகர்கள் பக்கத்திலேயே சேர்த்திருக்க மாட்டார்கள்.

அந்த அடுப்பைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நார்வேயில் எந்தக் கடையிலும் கிடைக்கிற, தக்காளி சாஸில் போட்ட மக்கரல் மீன் டின். அவர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதை நான் வெங்காயம், பச்சை மிளகாய், ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூள் போட்டு வதக்குவேன். கண்ணாடி முழுக்க ஆவி படியும். பையன் அதில் விரலால் கப்பல் வரைவான். கோடு வழியாகத் துறைமுக விளக்குகள் தெரியும். மூன்று பேருடைய ரெயின்கோட்டும் கழிவறைக் கதவில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் எழுந்தால் மற்ற இருவரும் காலை மடக்க வேண்டும். தலைக்கு ஒரு முழம் மேலே தகரக் கூரை. அதில் விழுகிற மழையில் பேச்சு கேட்காது. பேசவும் வேண்டியிருக்கவில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் என்று இவர் எழுதி வைத்திருந்த தாளை மழை ரத்து செய்துவிட்டது. போக ஓர் இடமும் இல்லாமல், செய்ய ஒரு வேலையும் இல்லாமல், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு கிடந்தோம். அப்படி ஒரு சும்மா இருத்தல் அதற்கு முன்னும் எங்களுக்கு வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. இப்போது மூன்று பேருக்கும் தனித்தனி அறை இருக்கிறது. மழை வந்தால் ஆளுக்கொரு மூலையில் போனில் வெள்ள எச்சரிக்கை பார்க்கிறோம்.

நார்வே போகிற எல்லோரும் என்னிடம் கேட்பது, பெர்கனுக்கு எந்த மாதம் நல்லது என்று. மே மாதம் மழை குறைவு. அதை விட்டுவிட்டு, செப்டம்பரில் போங்கள்.