பிச்சிஞ்சா மலையின் முரல் சிட்டுக்கள்

நம் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையிலும் வாழைப்பொத்தியிலும் தேன் அருந்தும் தேன்சிட்டை அறியாதார் இலர். அதனையே அமெரிக்கக் கண்டத்தின் முரல் சிட்டு என மயங்குவோரும் நம்மிடையே உண்டு. இரண்டும் தேனை நாடுவன, மின்னும் இறகுடையன, ஆயினும் ஒரே குலத்தவை அல்ல. தேன்சிட்டு பெரும்பாலும் கொம்பில் அமர்ந்தே உண்ணும். முரல் சிட்டோ பூவின் முன்னே அந்தரத்தில் நின்று உண்ணும். வேண்டுமாயின் பின்னோக்கியும் பறக்கும். அதன் சிறிய இனங்கள் வினாடிக்கு எண்பது முறை வரை சிறகடிக்கின்றன. அச்சிறகுகளின் ரீங்காரமே அதற்குப் பெயராயிற்று.

இக்குலத்தில் ஏறக்குறைய 360 இனங்கள் உள. அவை யாவும் இன்று அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலுமே வாழ்கின்றன. அவற்றுள் 130 வரையான இனங்களை, இலங்கையைப் போல் நான்கு மடங்கு பரப்பேயுள்ள ஈக்குவடோர் நாட்டிற் காணலாம்.

மலைப் படிகள்

இத்துணை இனங்கள் ஒரு நாட்டில் செறிந்தமைக்குக் காரணம் அந்தீசு மலைத்தொடரே. கடல் மட்டத்திலிருந்து 2,850 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது தலைநகராகிய கித்தோ. அங்கிருந்து மேற்கே இறங்கினால் இரண்டு மணி நேரத்துள் மிந்தோ என்னும் ஊரை அடையலாம். அதன் உயரம் 1,250 மீற்றர் அளவே. இறங்க இறங்கக் குளிர் குறைகிறது, மரங்கள் மாறுகின்றன, பூக்கள் மாறுகின்றன, பூக்களோடு சிட்டுக்களும் மாறுகின்றன. மிந்தோவில் வெண்பஞ்சுக் காலுறை அணிந்தாற் போன்றதும், வால் நுனியில் இரு சிறு தட்டுக்களை ஏந்தியதுமான சிட்டைக் காணலாம். நீண்ட ஊதா வாலையுடைய மற்றொன்றும் அங்குண்டு. அவ்வூரார் பலர் தோட்டங்களிற் சீனிப்பாகுக் குடுவைகளைத் தொங்கவிட்டுப் பறவைகளை வரவேற்கின்றனர். அவற்றைக் காண வரும் பயணிகளால் அவர்தம் இல்லங்களில் அடுப்பெரிகிறது.

இனி மேலே ஏறுவோம். 6,263 மீற்றர் உயரமான சிம்பொராசோ மலையின் சாரலில், மரங்களே வளராத குளிர்வெளியில், ஊதாத் தலையுடைய ஒரு சிட்டு வாழ்கிறது. மெல்லிய காற்றில் அந்தரத்தில் நிற்பது பெருஞ் செலவாதலால், அது பூங்கொம்பைக் காலாற் பற்றிக்கொண்டே தேன் குடிக்கிறது. உயர்மலைச் சிட்டுக்கள் பல, இரவில் உடற்சூட்டைத் தாழ்த்தி மரத்தாற்போற் கிடந்து, விடிந்ததும் உயிர்த்தெழுகின்றன. பெரு நாட்டு மலைச் சிட்டு ஒன்றின் உடற்சூடு ஓரிரவில் 3 பாகை செல்சியசு அளவிற்கு இறங்கியதை ஆய்வாளர் 2020இல் வெளியிட்டனர்.

வாளும் உறையும்

கித்தோ நகரைத் தாங்கி நிற்பது பிச்சிஞ்சா எரிமலை. அதன் வடமேற்குச் சாரலில், 3,500 மீற்றர் உயரத்தில், யானகோச்சா என்னும் காவற்காடு உண்டு. மூடுபனி தவழும் அக்காட்டில் வாளலகுச் சிட்டைக் காணலாம். வாலை நீக்கி அளந்தால், உடலினும் அலகு நீண்ட பறவை உலகில் இஃதொன்றே. தன் இறகுகளை அலகாற் கோதவியலாமையின் காலாற் கோதிக்கொள்கிறது. நாமறிந்த கொடித்தோடையின் இனத்ததான ஒரு மலைக்கொடி, நீண்ட குழல் போன்ற பூக்களைப் பூக்கிறது. அக்குழலின் அடியிலுள்ள தேனை எட்டவல்லது இச்சிட்டே. அக்கொடியின் மகரந்தத்தைச் சுமப்பதும் இதுவே. ஒன்று மறைந்தால் மற்றதற்கு வாழ்வேது?

கரியாய்ப் போன காடு

ஆயின் அக்காடு காக்கப்பட்டது வேறொரு சிட்டின் பொருட்டு. கருமார்பும், நீல ஊதாத் தொண்டையும், காலிற் சுற்றிய வெண்பஞ்சும் உடைய அச்சிறு பறவைக்கு அறிவியலார் 1852இல் பெயரிட்டனர். அந்நூற்றாண்டிற் பிடிக்கப்பட்டவற்றுட் பல இன்றும் அருங்காட்சியகப் பெட்டிகளில் உள்ளன. காட்டில் எஞ்சியவையோ சில நூறுக்கு உட்பட்டவை என்பர்.

அது பெரிதும் நாடுவது மலைமுகடுகளின் குறுங்காட்டை. அம்முகடுகளோ செங்குத்தான அச்சாரலில் ஓரளவு சமமான நிலங்கள். ஆதலின் மனிதனும் அவற்றையே நாடினான். மரங்களை வெட்டிக் கரி சுட்டான், வெட்டிய இடத்தில் உருளைக்கிழங்கு நட்டான், மாடு மேய்த்தான். அவனைக் கொடியவன் என்பதற்கில்லை. குளிர்மலையில் உயிர் வாழ அவனுக்குத் தெரிந்த வழி அது. சிட்டுக்கோ வேறு வழியில்லை.

2001இல் ஈக்குவடோரின் யொக்கோதோக்கோ அறநிதியம் யானகோச்சாவைக் காவற்காடாக்கியது. 2005இல் கித்தோ மாநகரம் அச்சிட்டைத் தன் சின்னப் பறவையாக ஏற்றது. பின்னர், வடக்கேயுள்ள வேறொரு மலைத்தொடரிலும் அது வாழ்வது அறியப்பட்டது.

ஒரு மாநகரம் தன் சின்னமாகச் சிங்கத்தையோ கழுகையோ கொள்வது உலக வழக்கு. உள்ளங்கையில் அடங்கும் ஓர் எளிய பறவையைக் கொண்டது கித்தோ. சின்னம் சுவரில் மட்டும் எஞ்சுமா, முகட்டிலும் பறக்குமா என்பதை அங்கு நிற்கும் மரங்களே முடிவு செய்யும்.