மல்லிப்பூவுக்குக் காத்திருக்கத் தெரியாது

போன தை மாசம், முகூர்த்த நாளுக்கு முந்தின விடியக்காலை. பசுமலையில் இருந்து நிலையூர் போற பக்கம் எனக்கு அரை ஏக்கர் மல்லி இருக்கு. பனிக்காலத்துல பூ குறைச்சலாத்தான் வரும், ஆனா விலை ஏறி நிக்கும். அதனால மூணு மணிக்கே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டு பறிக்க இறங்கிட்டோம். பக்கத்துக் காட்டுக்காரங்க மூணு பேரோட பூவையும் என் பழைய ஆம்னியிலதான் ஏத்திக்கிட்டுப் போவேன். ஆறரைக்குள்ள மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல இருக்கணும். நேரம் ஆக ஆக மொட்டு வாய் திறக்கும், விலை இறங்கும். 2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. அது இருந்தாலும் விரிஞ்ச பூவை எந்த வியாபாரியும் மொட்டு விலைக்கு எடுக்க மாட்டாரு.

சாவியைத் திருப்புனா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்புனா அந்த டக்கும் இல்ல.

நாலு பேர் தள்ளி, செகண்ட் கியர்ல கிளட்ச்சை விட்டு ஒரு வழியாக் கிளப்பிட்டோம். பழங்காநத்தம் வரைக்கும் ஓடுச்சு. அங்க சிக்னல்ல எஞ்சின் அணைஞ்சுபோச்சு. பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிக்கிறாரு. அந்த நேரத்துல வண்டி தள்ள ஆள் கூப்பிட யாருமில்ல. கடைசியில ஒரு ஆட்டோவைப் பிடிச்சுப் பூவை மாத்தி ஏத்தி, மார்க்கெட் போய்ச் சேரும்போது எட்டு மணி தாண்டிருச்சு. காலையில இருந்த விலைக்கும் எனக்குக் கிடைச்ச விலைக்கும் கிலோவுக்கு 400 ரூபாய் வித்தியாசம். மத்த மூணு பேரும் ஒண்ணும் கேக்கல. நானாத்தான் அவங்களுக்குக் குறைஞ்ச காசைக் குடுத்தேன். ரெண்டு பேர் வாங்கிக்கிட்டாங்க. ஒருத்தர் மட்டும், "போப்பா, வண்டிக்கென்ன வயித்துவலியா, தெரிஞ்சா வருது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. வாங்குனவங்களை விட அவரை நினைச்சாத்தான் மனசு உறுத்துச்சு.

எங்க பக்கத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு. டிவிஎஸ் ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். (1912-லேயே மதுரையில பஸ் ஓட்டுனவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். அந்தப் பட்டறைகள்ல கை பழகுன ஆளுங்க எங்க ஊரைச் சுத்தி நிறைய.) அவர் மீட்டரை வச்சுப் பார்த்தாரு. 11.4 வோல்ட். எஞ்சினை அணைச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா நல்ல பேட்டரி 12.6 காட்டணுமாம். 12-க்குக் கீழ போயிட்டா அது கிட்டத்தட்டப் பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம். ஆறு மூடியையும் திறந்து டார்ச் அடிச்சாரு. ரெண்டு செல்லுல தகடு வெளிய தெரிஞ்சது, கோடையில கண்மாய்த் தரை தெரியுமே அது மாதிரி.

"இதுல என்ன தண்ணிடா ஊத்துன?"

"போர் தண்ணிதாண்ணே."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "உப்புத்தண்ணியில செடி கருகும்னு தெரியுதுல்ல, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு"ன்னாரு.

அப்புறம் உக்காந்து சொன்னாரு. பேட்டரிக்குள்ள இருக்கிறது கந்தக அமிலமும் தண்ணியும். சூட்டுலயும் சார்ஜ் ஏறும்போதும் குறையுறது தண்ணி மட்டும்தான், அமிலம் உள்ளேயே கிடக்கும். அதனால திரும்ப ஊத்த வேண்டியதும் தண்ணி மட்டும்தான், ஆசிட் ஊத்தவே கூடாது. அந்தத் தண்ணியும் டிஸ்டில்ட் வாட்டரா இருக்கணும். போர் தண்ணியில இருக்கிற உப்பும் இரும்பும் ஆவியாகாது. தகட்டுலயே தங்கி, சும்மா நிக்கும்போதே சார்ஜைத் தின்னும். கோடு வரைக்கும்தான் ஊத்தணும். நான் ஒரு தடவை நிறைய இருக்கட்டும்னு கழுத்து வரைக்கும் ஊத்துனேன். சார்ஜ் ஏறுறப்ப பொங்கி வழிஞ்சு கீழ இருந்த தகரத்தை அரிச்சிருச்சு.

நான் பண்ணுன இன்னொரு தப்பு, வண்டியை ஓட்டுன விதம். வீட்டுல இருந்து காட்டுக்கு நாலு கிலோமீட்டர். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண எடுத்த சார்ஜைத் திரும்பப் போடுறதுக்குள்ள வண்டி நின்னுரும். போறப்பவும் ஹெட்லைட், பாட்டு, போனுக்கு சார்ஜ். கிணத்துல ஊற்றை விட இறைப்பு அதிகமானா என்ன ஆகும்? அரைவயிறாவே கிடக்குற பேட்டரியில தகட்டு மேல ஈய சல்பேட் படிஞ்சு கெட்டியாயிரும். அதுக்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசா ஏறாது. வண்டியை நான் தகரக் கொட்டகைக்குள்ள வேற நிறுத்துவேன். மதுரைக் கோடையில 40 டிகிரி சாதாரணம், தகரத்துக்குக் கீழ கேக்கவே வேணாம். "சித்திரை வெயில்லயே இது பாதி செத்திருச்சு. உனக்குத் தையிலதான் தெரிஞ்சிருக்கு"ன்னாரு அண்ணன். இப்ப வேப்பமரத்தடியிலதான் நிறுத்துறேன். காக்கா எச்சம் போடுது, போட்டுட்டுப் போகட்டும்.

புதுசு வாங்கப் போனேன். 35 ஆம்பியர் ஹவர், பழசுல பிளஸ் எந்தப் பக்கமோ அதே பக்கம். கடைக்காரர் மூடி திறக்கத் தேவையில்லாத, தண்ணியே ஊத்த வேணாம்ங்கிற ரகத்தைக் காட்டுனாரு. நகரத்துல தினமும் நல்லா ஓடுற காருக்கு அது சரிதான். ஆனா அதுக்கும் டெர்மினல்ல பூக்கிற வெள்ளையைத் துடைக்கணும், மாசக்கணக்கா நிறுத்திப் போடாம ஓட்டணும். ஒண்ணுமே பாக்க வேணாம்னு அர்த்தம் இல்ல. நான் மூடி உள்ளதையே எடுத்தேன். உள்ள பார்க்க முடியாத எதையும் நம்ம மனசு நம்பாது. என்னைக்குத் தயாரிச்சதுன்னு பார்த்து, வாரண்டி கார்டுல தேதி எழுதி முத்திரை போட்டப்புறம்தான் காசைக் குடுத்தேன்.

மாட்டுறது நானே. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. மாத்திச் செஞ்சா ஸ்பேனர் பிளஸ்ல இருந்து பாடியில தொட்டுரும், தீப்பொறி பறக்கும். பேட்டரிக்கிட்ட ஹைட்ரஜன் வாயு இருக்கும், அதனால பீடி, சிகரெட்டோட பக்கத்துல போகாதீங்க. டெர்மினல்ல வெள்ளை பூத்திருந்தா மூடியை இறுக்கி மூடிட்டு, ஆப்பசோடா கலந்த வெந்நீர்ல கழுவி, காஞ்சதும் கொஞ்சம் வாசலைன் தடவி விட்டா போதும்.

பழைய பேட்டரி விஷயத்தைச் சொல்லாம விட முடியல. வீட்டு வாசல்லயே ஒரு பழைய இரும்புக்காரர் வந்து, கடையில கழிக்கிறதை விட 150 ரூபாய் கூடத் தர்றேன்னாரு. முன்னாடியா இருந்தா குடுத்திருப்பேன். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்க சித்தப்பா ஒரு லாரி பேட்டரியைக் கண்மாய்க் கரையில கோடாலியால உடைச்சாரு. ஆசிட்டை அங்கேயே ஒரு குழியில கவுத்துட்டு, தகட்டை இரும்புச் சட்டியில உருக்கி வீச்சு வலைக்கு ஈயக்குண்டு ஊத்துனாரு. விசிறி போட்டது நாங்க பிள்ளைங்கதான். அந்தப் புகையில பட்டாணிக்கடலை தின்னுக்கிட்டே உக்காந்திருந்தோம். ஈயம் பிள்ளைங்க மூளையைப் பாதிக்கும்னு எங்களுக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. அந்தக் குழியில ரொம்ப நாளைக்குப் புல்லு முளைக்கல. இப்பவும் உடைக்கிறவங்க இருக்காங்க. பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கணும்னு 2001-லேயே சட்ட விதி வந்துச்சு, 2022-ல அதைப் புதுசா மாத்தி எழுதியிருக்காங்க. நான் கடையிலேயே குடுத்துட்டேன். அந்த 150 ரூபாய்க்கு என் வீட்டுக்காரி ரெண்டு நாள் முணுமுணுத்தா. கண்மாய்க் கரை கதையைச் சொன்னப்புறம்தான் விட்டா.

இப்ப டிஸ்டில்ட் வாட்டர் கேன் திண்ணையிலேயே இருக்கு. யாரும் எடுத்துக் குடிச்சிறக் கூடாதுன்னு மேல கரியால பெருசா எழுதி வச்சிருக்கோம். போன வாரம், காசு வாங்காம திருப்பிக் குடுத்தாரே, அவரு டிராக்டரை வாசல்ல கொண்டாந்து நிறுத்துனாரு.

"இதுக்கும் கொஞ்சம் பாருப்பா, காலையில இழுக்க மாட்டேங்குது."

மூடியைத் திறந்து டார்ச் அடிச்சேன். தகடு தெரிஞ்சது.

"என்ன தண்ணிண்ணே ஊத்துனீங்க?"

"போர் தண்ணிதான். ஏன்?"