கொடுத்தவரா, பெற்றவரா?

திருவண்ணாமலையில், செங்கம் சாலையோரம், ரமணாசிரமம் பகுதியில் நாம் குடியிருக்கிறோம். வெளிநாட்டார் வந்து தங்கும் இடமாதலால் வாடகை மிகுதி. எனினும், பள்ளிக்கு நடந்தே போய்விடலாம் என்று ஒரு மாடியறையைப் பிடித்துக்கொண்டோம். சாளரத்தைத் திறந்தால் மலை தெரியும். எட்டிப் பார்த்தால் சாலை தெரியும். முற்பகல் வேளையில் அங்கே ஒரு வரிசை நிற்கும். காவி உடுத்தியோர், கைவிடப்பட்ட முதியோர், நடை தளர்ந்தோர் தட்டேந்தி நிற்பர். ஆசிரமத்தார் சோறிடுவர், இவர்கள் உண்பர், கலைவர். முழுநிலா நாளிலோ, 14 கிலோமீட்டர் மலைசுற்றும் பாதை நெடுகிலும் அன்னதானப் பந்தல்தான்!

பசித்த வயிற்றுக்குச் சோறிடுவதை நாம் பழிக்கவில்லை, தோழர்களே! பகுத்தறிவு பேசுவோர் பசியறியாதோர் அல்லர். ஆனால் அந்த வரிசையை உற்றுப் பாருங்கள். அதில் நிற்கும் எவரும், "நேற்றுக் குழம்பு போதவில்லையே, ஏன்?" என்று கேட்டு நாம் கண்டதில்லை. கேட்க முடியாது. கொடுப்பவர்க்குப் புண்ணியம், பெறுபவர்க்கு ஒரு வேளைச் சோறு, கணக்கு அத்துடன் தீர்ந்தது. கேள்வி கேட்கும் உரிமை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை.

இதை நாம் வகுப்பறையில் பலமுறை முழங்கியதுண்டு. பட்டம் பெற்ற சூடு ஆறாத வயது, பணியேற்ற முதலாண்டு, முழங்காமல் இருக்க முடியுமா? முழங்கிய நமக்கே ஒரு சிறுமி பாடம் கற்பித்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2022 மே திங்கள். கொரோனாவால் பள்ளியாண்டு தள்ளிப்போய், கோடை வெயிலில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்போது இலங்கை பட்ட பாடு ஏடுகளிலெல்லாம் வந்தது. எரிபொருளில்லை, மருந்தில்லை, குழந்தைக்குப் பால்மாவு இல்லை. மார்ச்சு 22ஆம் நாளே, பசி பொறுக்காமல் படகேறிய 16 பேர் இராமேசுவரக் கரையில் வந்திறங்கியிருந்தனர். ஏப்பிரல் 29 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று: 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் அனுப்புவோம், மதிப்பு ஏறத்தாழ 123 கோடி ரூபாய். இலங்கைத் தமிழர்க்கு மட்டும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். "எங்களைப் பிரிக்காதீர், எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள்" என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டனர் என அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மன்றத்திலே எடுத்துரைத்தார். அடிபட்டவன் அடித்தவன் வீட்டுக் குழந்தைக்கும் பால் கேட்டான்! நூறு அறநூல்களைக் காட்டிலும் அது பெரிது என்று நமக்குத் தோன்றிற்று.

பொதுமக்களும் நிதி தரலாம் என்று மே திங்களின் தொடக்கத்தில் வேண்டுகோள் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தகரப் பெட்டியை வைத்தோம். கொடுத்த பிள்ளைகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினோம். (பெயர் எழுதினால் காசு சேரும் என்பதைக் கோயில் உண்டியல்காரரிடம் கற்றோமோ என்னவோ!) நான்காம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து பத்து ரூபாய்த் தாளைப் போட்டாள். உடனே ஒரு பையன் சிரித்தான்: "உன் ஊருக்கு நீயே அனுப்பிக்கொள்கிறாயா?"

அவள் அடி அண்ணாமலை முகாமிலிருந்து வருபவள். மலைசுற்றும் பாதையில், மலைக்கு மேற்கே உள்ள ஈழத்தமிழர் முகாம் அது. இலங்கையை அவள் கண்ணால் கண்டதில்லை. பிறந்தது இந்தத் திருவண்ணாமலையில். அவள் அழவில்லை, சினக்கவில்லை. நம்மைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, என் பெயரை எதில் எழுதுவீர்கள்? கொடுத்தவர் பக்கமா, வாங்கினவர் பக்கமா?"

நாம் என்ன விடை சொன்னோம்? "எல்லாரும் மனிதர்தாம், உட்காரம்மா" என்றோம். விடை தெரியாத ஆசிரியன் சொல்லும் விடை அது! அன்றிரவு அறையில் படுத்தபோது அந்தச் சொல் நம் நெஞ்சை அறுத்தது.

அடுத்த ஞாயிறு முகாமுக்குச் சென்றோம். நான்கு எட்டில் முடிந்துவிடும் வீடு. அவள் தந்தை வண்ணம் பூசும் தொழிலாளி. நம் ஊரில் எழும்பும் விடுதிகள் பலவற்றின் சுவர்கள் முகாம் ஆடவர் கைபட்டு மின்னுபவை. பால் கலவாத தேநீரைக் கையில் தந்து, "பிளேன்ரீதான் மாஸ்டர், குறை நினையாதேயுங்கோ" என்றார். 1990இல், ஏழு வயதில், மன்னார்க் கரையிலிருந்து படகில் வந்தவர். அவருடைய துணைவியார் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். உதவிப்பணம் பற்றிக் கேட்டோம். 2021இல்தான் அதை உயர்த்தினார்கள்: குடும்பத் தலைவர்க்குத் திங்களுக்கு 1,500 ரூபாய், பெரியவர் ஒவ்வொருவர்க்கும் 1,000, சிறுவர்க்கு 500. அதற்குமுன் 1,000, 750, 400.

"அரசாங்கம் தாறது காணாது எண்டு நான் சொல்லேல்லை, மாஸ்டர். ஆனா நாங்கள் சும்மா இருந்து சாப்பிடுற ஆக்களில்லை. நான் வாங்குற பெயின்ற் வாளிக்கும் வரி குடுக்கிறன்" என்றார்.

நம் கண் திறந்தது அந்த இடத்தில்தான். ஒரு வாளி வண்ணத்துக்கு 18 விழுக்காடு வரி; பாதி தில்லிக்கு, பாதி சென்னைக்கு. வழலைக்கட்டிக்கும் வரியுண்டு, பிள்ளையின் காலணிக்கும் வரியுண்டு. நாற்பதாண்டு காலமாக முகாம் மக்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் அரசின் கருவூலத்துக்கு ஒரு பங்கு போயிருக்கிறது. 123 கோடியிலே அந்த மேற்பூச்சுக்காரரின் காசும் இருந்தது! மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற்கப்பல் 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் மருந்தும் ஏற்றிப் புறப்பட்டதே, பின்னர் சூனிலும் சூலையிலும் தூத்துக்குடியிலிருந்து இரு கப்பல்கள் சென்றனவே, அவற்றில் அவரும் அரிசி ஏற்றியவர்தாம். அரசு கொடுப்பது எவருடைய புண்ணியமும் அன்று, எல்லாருடைய பணம். அந்த எல்லாரில் அவளும் உண்டு.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னோம். கொடுத்தவர் பக்கத்தில் அவள் பெயரை எழுதினோம். சிரித்த பையன் தலை குனிந்தான். அதோடு முடிந்ததென்று நினைத்தோம்.

ஆசிரியர் அறையில் வேறொரு வழக்கு எழுந்தது. "நம் ஊரில் ஏழை இல்லையா? ஊரான் நாட்டுக்குக் கப்பல் எதற்கு?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்லவர்தாம், ஆனால் மறதிக்காரர். 1960களில் சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவுக்கு வந்த பால்மாவு எந்த ஊர்ப் பால்மாவு? 'கேர்' என்னும் நிறுவனத்தின் வழியே அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் பாட்டனார் அதைக் கரைத்துக் குடித்துப் படித்தவர். "சுடச்சுடக் கொடுப்பார்கள், ஒரு மாதிரி மணக்கும்" என்று இன்றும் முகம் சுளிப்பார். குடித்த பேரன்மார் கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம், அதிலென்ன குறை?

ஆனால் அந்தக் காலத்துக் கோதுமைக் கப்பல்கள் இன்னொரு பாடத்தையும் சொல்கின்றன. 1965, 66இல் மழை பொய்த்து நாடு தவித்தபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான்சன் கோதுமையை ஆண்டுக் கணக்கில் தருவதை நிறுத்தி, திங்கள் திங்களாக அளந்து விட்டார். நம் வேளாண்மைக் கொள்கை மாறவேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா குறைகூறியது கசந்தது மற்றொன்று. சோற்றைக் காட்டி வாயை அடைக்கும் வித்தை! உதவியின் கயிறு எவர் கையில் இருக்கிறதோ, அவர் இழுத்தால் பெறுபவர் ஆடவேண்டும். 2025 சனவரியில் அதே அமெரிக்கா தன் அயல்நாட்டு உதவியை ஒரே ஆணையில் நிறுத்திற்று. தாய்லாந்து எல்லையில் மியன்மா நாட்டு அகதிகளின் மருத்துவமனைகள் மூடுண்டன. சூடானில் போர்க்களத்து நடுவே எரிந்த பொது அடுப்புகள் பல அணைந்தன. நாட்டு வருவாயில் நூற்றுக்கு 0.7 பங்கை வளர்ந்த நாடுகள் உதவிக்குத் தரவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பேரவை 1970இல் வகுத்த அளவு ஏட்டில் இருக்கிறது. அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் கப்பலுக்கும் கயிறு இருந்தது. அது தில்லியில் இருந்தது. வெளியுறவு ஒன்றிய அரசின் பட்டியலைச் சேர்ந்தது. மாநிலம் தானாக ஒரு மூட்டை அரிசிகூடக் கடல் கடத்த முடியாது. மார்ச்சு 31 அன்றே முதலமைச்சர் தலைமையமைச்சரை நேரில் கண்டு கேட்டார். சட்டமன்றம் தீர்மானம் போட்ட பிறகுதான் ஒப்புதல் வந்தது. போகட்டும். அரிசி போயிற்று. கடல் கடக்க அரிசிக்கு ஒப்புதல் கிடைத்தது. கடல் கடந்து வந்த மனிதர்க்கு?

இங்கேதான் அந்தச் சிறுமியின் கேள்வி முழு உருவில் எழுந்து நிற்கிறது. 1983 முதல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஈழத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். 2021இல் முகாம்களில் இருந்தோர் 58,822 பேர். வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்ந்தோர் 34,087 பேர். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள் கட்டித்தர முனைந்தது. கல்வி உதவித்தொகையை உயர்த்திற்று. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிற்று. நல்ல பணி, நன்றியோடு சொல்வோம். ஆனால் வீடு தரலாம், குடியுரிமை தர மாநிலத்தால் ஆகாது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி அண்டை நாட்டு அகதிகளுக்கு வாயில் திறந்தார்களே, அதில் பாகித்தான் உண்டு, வங்காளதேசம் உண்டு, ஆப்கானித்தான் உண்டு, இலங்கை இல்லை.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். செவிலியர் ஆகவேண்டும், அரசு மருத்துவமனையில் பணிசெய்யவேண்டும் என்பது அவள் ஆசை. விண்ணப்பப் படிவத்தோடு நம் அறைக்கு வந்தாள். பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர் திருவண்ணாமலை, எல்லாம் நிரம்பின. 'நாட்டுரிமை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஓர் அலுவலகத்துக்கு உடன் சென்று கேட்டோம். எழுத்தர் படிவத்தைத் தலைகீழாகத் திருப்பி எம் பக்கம் தள்ளினார். "படிக்க வழி இருக்கலாம், அரசு வேலைக்கு இந்தக் கட்டம் நிரம்பவேண்டும்" என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் கொடுமை!

நாம் சட்டநூலைப் புரட்டினோம். கலைப் பட்டம் பெற்ற நமக்குச் சட்டம் வராது. ஆயினும் முட்டி மோதிப் படித்தோம். 1987 சூலை 1ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எவராயினும், பிறப்பால் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்மணி இதைச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடிக் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 ஏப்பிரல் 19 அன்று திருச்சியில் வாக்கும் அளித்தார். நம் மாணவியின் தாயாரும் அதே முகாமில் அதே ஆண்டில் பிறந்தவர் அல்லவா! துள்ளி எழுந்தோம். அடுத்த பக்கத்தைப் படித்ததும் அமர்ந்துவிட்டோம். 2004 திசம்பர் 3ஆம் நாள் முதல் பிறந்த பிள்ளைக்குத் தாய் குடிமகளாயிருந்தால் மட்டும் போதாது. தந்தை சட்டத்தின் பார்வையில் 'சட்டத்துக்குப் புறம்பாக வந்தவ'ராக இருத்தல் கூடாது. ஏழு வயதில் குண்டுக்குத் தப்பிப் படகில் வந்தவர் சட்டத்துக்குப் புறம்பாக வந்தவராம்! தாய் இந்நாட்டாள், மகள் அயலாள், ஒரே கூரை.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டின்றி வந்ததற்கும் தங்கியதற்கும் தண்டனை இல்லை என்றது. ஏடுகள் பெரிதாகப் போட்டன. அவள் அதைக் கொண்டுவந்து நம் முன் விரித்தாள். இப்போது நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடை அடைத்தபின் வந்திருந்தாள். இருவரும் வரிவரியாகப் படித்தோம்.

"தண்டிக்கமாட்டோம் என்றுதானே ஐயா இருக்கிறது? குடியுரிமை என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது?" என்றாள்.

எந்த வரியிலும் இல்லை. இம்முறை நாம் மழுப்பவில்லை, இல்லையென்றே சொன்னோம்.

ஞாயிறுதோறும் இப்போது முகாமுக்குச் செல்கிறோம். கல்லூரித் தோழர்கள் மூவர் உடன் வருகின்றனர். 1987 சூலைக்கு முன் இங்கே பிறந்தவர் எவரெவர் என்று வீடுவீடாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். பலருக்குப் பிறந்த நாள் தெரியும், சான்று இல்லை. சிலரிடம் சான்று இருக்கிறது, கரையான் அரித்த பாதி. மாணவியின் தாயாருக்குப் பிறப்புச் சான்றின் படி கேட்டு விண்ணப்பம் எழுதியாயிற்று. எழுதியவள் அவளே, முத்தான கையெழுத்து. "விண்ணப்பதாரருக்கு உறவு" என்ற இடத்தில் "மகள்" என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். நாட்டுரிமை கேட்கும் கட்டம் அதில் இல்லை. அஞ்சல்தலை ஒட்டி, செங்கம் சாலை அஞ்சற்பெட்டியில் நாமே போட்டுவிட்டு வந்தோம்.