பக்கத்து ஆள்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை வாங்கப் போகிறவர்கள் கடையோடு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் சற்று நடந்து பார்க்க வேண்டும். கோர்வைப் புடவை ஒற்றை ஆள் வேலையல்ல. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்வதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்கு அருகில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிறத்தியார் தறிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. இன்று அது வெகுவாகக் குறைந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் அந்த இடம் மட்டும் இன்னும் இருக்கிறது.

சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவித்தொகையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும். சச்சார் குழுவின் அறிக்கை 2006இல் வந்தது. 2008இல் மத்திய அரசு பத்தாவது வரை படிக்கும் முஸ்லிம், கிறிஸ்தவ, சீக்கிய, பௌத்த, பார்சிப் பிள்ளைகளுக்கு இதைத் தொடங்கியது. சமணர் பட்டியலில் சேர்ந்தது 2014இல். ஜினகாஞ்சி என்று ஊருக்கே பெயர் கொடுத்தவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது வேடிக்கைதான்!

குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முந்தின பரீட்சையில் 50 சதவிகிதம் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் திட்டம் வகுத்த தொகை, கட்டணம் நீங்கலாக, மாதம் 100 ரூபாய்.

எனக்குத் தெரிந்த கிறிஸ்தவ நெசவாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "நல்ல காரியம்தான் ஸார். ஆனா பக்கத்து ஆளுக்கு என் கூலியிலேருந்துதான் கொடுக்கணும். மாசம் நூறு ரூபாய் அவருக்கு ஒரு நாளைக்குக் காணுமா? பையன் உட்கார்ந்தா அத்தனையும் மிச்சம்."

மதிப்பீடு என்றால் எனக்கு இதுதான் மதிப்பீடு.

பெரிய அளவிலும் ஒன்று நடந்தது. சந்தேகத்துக்கு இடமான 1,572 நிறுவனங்களை ஆராய்ந்ததில் 830 போலி அல்லது செயல்படாதவை என்று தெரிந்தது. 2023இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. திருட்டைக் கண்டுபிடித்தது நல்லதுதான். ஆனால் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த வீட்டில் அது என்ன செய்தது, பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தியதா, அல்லது வந்தது தெரியாமல் அரிசிக்குப் போயிற்றா என்பதைப் போலிகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது.

2022 நவம்பரில் எட்டாவது வரைக்குமான உதவியை நிறுத்தினார்கள். 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி அதுவரை இலவசக் கல்வி உண்டே என்றார்கள். சட்டம் சரி. ஆனால் விரல் கோர்வை பழகுவது எட்டாவது முடிந்த பிறகா? பள்ளிவிட்டு வந்து பொழுதுபோக்காக நாடாவைத் தொட்ட பையன் பதினான்கு வயதில் தேர்ந்த கையாகிவிடுகிறான். அப்போது அவனுக்கு வீட்டில் ஒரு விலை ஏற்பட்டுவிடுகிறது. உதவித்தொகை அந்த விலையோடு அல்லவா போட்டியிட வேண்டும்?

அந்த நெசவாளரின் மகன் அப்போது ஏழாவது, இப்போது ஒன்பதாவது.  போன வாரம் போயிருந்தேன். புதுப் பாவு ஏற்றியிருந்தார். பக்கத்து ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். வேறு ஆள் இன்னும் அகப்படவில்லை.