சாக்கில் போன நோட்டு

அப்பத்தா செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பரணை ஒழித்தார்கள். பழைய பேப்பர்காரரின் சாக்குக்குள் போனவற்றில் அவளுடைய நோட்டும் ஒன்று. நாற்பது பக்க நோட்டுகள் மூன்றைக் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்தது. குடுமியான்மலைக் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டுக் கேட்டு எழுதிய தேவாரம். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ல, ள, ழ மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். ஓரங்களில் பென்சிலால் அவளுடைய கேள்விகள் இருக்கும். ஒன்றுதான் நினைவிருக்கிறது: ‘இங்கெ ஏன் சாமிய வய்யிறாரு?’ எனக்கு அப்போது பதினொரு வயது. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

ரேச்சல் காடிஷ் 2017இல் எழுதிய ‘தி வெயிட் ஆஃப் இங்க்’ நாவலைப் படிக்கும்போது இதெல்லாம் திரும்பி வந்தது. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் எஸ்தர் என்ற யூதப் பெண், கண்ணிழந்த ரபி ஒருவர் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறாள். அவருக்குக் கண் தெரிந்திருந்தால் அந்த மேசையில் அவளுக்கு இடமே இருந்திருக்காது. பிறகு தன் கேள்விகளை ஆண் பெயரில் தத்துவவாதிகளுக்கு எழுதி அனுப்புகிறாள். நம் காலத்தில் அந்தத் தாள்கள் ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக்கு அடியில் கிடைக்கின்றன. நாவலில் கிடைக்கும். எங்கள் வீட்டில் எடைக்குப் போனது.

மேகி ஆன்டனும் 2005இலிருந்து மூன்று நாவல்கள் எழுதினார். தால்முத்துக்கு உரை எழுதிய பிரெஞ்சு அறிஞர் ராஷி 1105இல் இறந்தவர். அவருடைய மூன்று மகள்களின் கதை அது. அப்பா எழுதிய பக்கங்கள் மலையளவு இருக்கின்றன. மகள்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஏறக்குறைய பெயர் மட்டும்தான். மிச்சத்தைக் கற்பனைதான் நிரப்ப வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எஸ்தரைப் போன்ற நாயகிகள் எப்போதும் தனி ஆளாக, ஊருக்கு ஒளித்துப் படிக்கும் மேதைகளாகவே இருப்பதுதான் உறுத்துகிறது.

கொச்சி யூதப் பெண்கள் ஒளிக்கவில்லை. பைபிள் கதைகளை மலையாளத்தில் பாட்டாக வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில், ஆண்களும் கேட்கத்தான் பாடினார்கள். பாட்டு நோட்டுகளைக் கையால் படியெடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். 1912இல் கொச்சியில் பிறந்து பின்னாளில் இஸ்ரேலுக்குப் போன ரூபி டேனியல், அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் நினைவுகள் 1995இல் புத்தகமாயின. அத்தனை பேர் காதில் விழுந்தும், பொம்பளைப் பாட்டு என்பதால் அதைப் படிப்பு என்று சொல்ல ஆளில்லை.

போன மாதம் குடுமியான்மலைக்குப் போனேன். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பிரிவாகச் சுர வரிசைகள், பல்லவ கிரந்த எழுத்தில். ருத்ராசாரியாரின் மாணவரான ஓர் அரசன், கற்பவர்களின் நன்மைக்காகச் செய்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் பார்க்கிறார்கள், நானும்தான். இதே கோயிலில் ஓர் அம்மன் சந்நிதியை எழுப்பியவர் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார். அவர் பெயரும் கல்லில்தான் இருக்கிறது. சின்ன வயதில் அந்தப் பக்கம் எத்தனை முறை ஓடி விளையாடியிருப்பேன்! ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

உமையாள்வி ராத்திரியில் விளக்கோடு போய் இசைக் கல்வெட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறாள் என்று ஒரு கதை தொடங்கினேன். இரண்டு பக்கத்தில் அசிங்கமாக இருந்தது. பெயரைக் கல்லில் வெட்டவைத்தவள் எதற்கு ஒளிய வேண்டும்? கிழித்துப்போட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் நோட்டைப் பற்றிச் சொல்லி அழுதேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அதுக்கு ஏன் அழுவுற? அத வச்சுத்தானே ஆத்தா எனக்கும் பக்கத்து வீட்டுப் புள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்துச்சு. நீ அப்ப பொறக்கவே இல்ல.”

“இன்னும் தெரியுமா அத்தை?”

கீரையைத் தள்ளி வைத்துவிட்டுப் பாடினாள். கண் போன சுந்தரர் திருவாரூரில் சிவனோடு சண்டைக்கு நிற்கும் பதிகம். சாமியை வைகிற இடம். நான் பேனாவைத் தேடி, கிடைத்த பில்லின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஓரிடத்தில் அத்தையின் உச்சரிப்பு பிடிபடவில்லை.

“இது எந்த ழ, அத்தை?”

“எதையாச்சும் போடு. ஆத்தா அப்புடித்தான் எழுதும்.”