வேடு கட்டிய அண்டா

மணவூர்த் தெருவில் புகை மருந்து அடித்துக்கொண்டு போகிறார்கள், டீசல் நாற்றம் திண்ணைவரை ஏறி நிற்கிறது, எனக்கோ அதன் அடியில் நொச்சித் தழை கருகும் மணம் வருகிறது, அந்தி சாய்கிற நேரத்தில் ஆயா மண்சட்டித் தணலில் போடுவாளே, கண்ணைக் கரிக்கும், ஆனால் தொண்டையை அடைக்காத அந்தப் புகை.

உண்மையில் சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்திப் புகையால் பெரிய நஷ்டமில்லை, அது பகலில் கடிக்கிற ஜாதி. வீட்டைக் காத்தது ஆயாவின் வேறொரு பழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்ப்பாள், விரல் படாத இடமே இருக்காது, பிறகு தண்ணீர் நிரப்பிப் பழைய வேட்டித் துணியால் வேடு கட்டுவாள். அந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும், கொட்டினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. ஆயாவுக்கு அது வெள்ளிக்கிழமை வேலை, அவ்வளவுதான்.

2006இல் சிக்குன்குனியா வந்தபோது அண்டா பரணுக்குப் போயிருந்தது, அதன் இடத்தில் இடுப்புயர நீல டிரம், அதை யாரால் கவிழ்க்க முடியும்? சம்மணமிட்டு அரிசி புடைக்கிற ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெற்றிலை மடிக்க விரல் மடங்கவில்லை, காய்ச்சல் சில நாளில் விட்டது, மூட்டுவலி மாதக்கணக்கில் விடவில்லை, நிலவேம்புக் கஷாயத்தை மட்டும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

1964இல் மெட்ராசையும் வேலூரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப்போன காய்ச்சல் அது, 1973இல் மகாராஷ்டிரத்துப் பார்சிக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டவில்லை, ரீயூனியன் தீவைப் படுக்கப்போட்டுக்கொண்டிருந்தபோதே 2005 கடைசியில் ஆந்திரத்தில் கிளம்பி, கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழகம் என்று பரவியது. கொசு பிறந்த இடத்தைவிட்டுச் சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை, மீதித் தூரத்தைக் கடந்தது நாம்தான்.

ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் நகரியில் மாமா வீடு, ரேணிகுண்டா பாசஞ்சரில் போய் இறங்கி நடந்தால் தெருவெல்லாம் பாவுக்குப் போட்ட கஞ்சியின் புளிப்பு வாசனை, வாசலில் தொட்டியும் டிரம்முமாக வரிசை, உள்ளே பகலிலும் மங்கலான தறியறை, மனிதர் நாள் முழுக்கக் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்க, அதே இருட்டை விரும்பும் கொசு தறியடியிலேயே குடியிருக்கும். 1960 வரை திருத்தணியே சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது, எல்லைக்கோடு மாறினாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாறவில்லை, ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு பக்கத்துக் காவடியும் சரவணப் பொய்கையில் ஒன்றாகத்தான் இறங்கும், மாமா காய்ச்சல் விட்டும் விடாததுமாக மலையேறியவர், முருகனுக்குச் சொன்ன சொல்லாயிற்றே.

இப்போது எல்லா வீட்டிலும் டிரம்தான், மொட்டைமாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ் வேறு. புகை கலைந்ததும் கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் பெண் எதிர்வீட்டு டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புழு இருக்குக்கா, கொட்டிடட்டா?" என்றாள்.

"அடுத்த தண்ணி எப்ப வரும்னு சொல்லு, நானே கொட்டறேன்."

பெண் பதில் சொல்லாமல் அபேட் மருந்தை ஊற்றி, சுவரில் தேதி எழுதிவிட்டு நகர்ந்தாள். முன்பானால் எதிர்வீட்டுக்காரியை அலட்சியக்காரி என்றிருப்பேன், இப்போது அவள் கேட்டதுதான் நியாயமாகப் படுகிறது.