திரையில் இல்லாத பச்சைக்குமாச்சி

காலை ஏழு மணிக்குப் போடியைத் தாண்டி முந்தலில் இறங்கி, கைப்பேசியை மேற்கே நீட்டினேன். கேமராவில் தெரிந்த மலை விளிம்பின் மேல் மெல்லிய கோடு ஒன்று படர்ந்தது. கோட்டின் மேடுகளில் சில இடங்களில் பெயரும் உயரமும் வந்தன, பல இடங்களில் உயரம் மட்டும். முகடுகளின் பெயர் காட்டும் செயலி அது. சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும் என்பதால் இந்தப் பயணத்துக்கென்றே இறக்கி வைத்திருந்தேன்.

மெய்நிகர் உலகம் காட்டும் விஆர் கவசத்தை மாட்டினால் நிற்கிற இடம் மறைந்து வேறோர் இடம் தெரியும். இந்தச் செயலியில் இருக்கும் ஏஆர் என்ற மிகை மெய்ம்மை அப்படியில்லை. நிற்கிற இடம் அப்படியே இருக்க, அதன் மேல் தகவல் வந்து உட்காரும். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சொல்கிறது, எத்திசை பார்க்கிறோம் என்பதைக் கைப்பேசிக்குள் இருக்கும் காந்த உணரி. மலையின் வடிவமும் வானத்திலிருந்து வந்ததுதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் சுற்றி, ரேடாரால் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கின் மேடுபள்ளங்களை அளந்தது. அதுபோன்ற அளவுகளை வைத்துத்தான், இந்த இடத்திலிருந்து பார்த்தால் அடிவானம் எப்படி இருக்கும் என்று மென்பொருள் கணக்குப் போட்டு வரைகிறது.

என் கோடு மலையை விட்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. காந்த உணரியைக் குழப்பக்கூடிய மின்கம்பத்தை விட்டு விலகி நின்று, விரலால் இழுத்துப் பொருத்தினேன். பொருந்திய கணத்தில் உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அந்தக் கோட்டுக்குள் இருப்பது மொட்டைத் தரை. மரம், புல் எதுவும் கிடையாது. 2018 மார்ச் 11 அன்று பக்கத்துக் குரங்கணி மலையில், ஆள் உயரம் காய்ந்து நின்ற புல்லில் பரவிய தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையேறப் போகிறவர்கள் திரையை நம்பி வழி தேடக் கூடாது. அங்கே எந்த மாதம் எந்தச் சரிவு காயும் என்று தெரிந்தவர்கள் கீழே ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்க வேண்டும்.

மத்தியானம் லோயர்கேம்ப். பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் ஒரு குடும்பம் சிலைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்து மலையைப் பார்த்து நின்றேன். நான்கு ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்கி மின்நிலையத்துக்குள் போகின்றன. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். இந்தக் கதையின் உயிர்நாடி மலைக்குள்ளே இருக்கிறது. 1895-இல் அந்த அணை திறந்தபோது, மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீர், தேக்கடியில் மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் கூடுதலான சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பியது. குழாயில் போகாத தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக விழும். யார் வைத்த பெயரோ, காதால் கேட்டே வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது இந்தத் தண்ணீரில்.

மலையை நோக்கிக் கைப்பேசியை நீட்டினால் பாறைக்குள் போகும் சுரங்கம் நீலக் கோடாகத் தெரிய வேண்டும். இது பெரிய ஆசை ஒன்றுமில்லை. தெருவுக்கு அடியில் புதைந்த குடிநீர்க் குழாயையும் எரிவாயுக் குழாயையும் தோண்டாமலே திரையில் காட்டும் மென்பொருளைப் பல நாடுகளில் பணியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கம்பத்துப் பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் சாப்பிடும் சோற்றுக்குத் தண்ணீர் எந்தப் பாறைக்குள் புகுந்து வருகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். ஏஆர் இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்குச் செய்யக்கூடிய வேலைகளில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

கைப்பேசி எதைக் காட்டும் என்பது, யார் எதை எழுதி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. 2016-இல் உலகமே தெருவுக்கு வந்து ஆடிய போக்கிமான் கோ விளையாட்டும் அப்படித்தான். அதில் ஆட்டக்காரர்கள் தேடிப் போகும் நிறுத்தங்களில் பெரும்பகுதி, நியான்டிக் நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான இங்கிரெஸ்ஸை ஆடியவர்கள் தங்கள் ஊர்ச் சிலை, கோயில், சுவரோவியம் என்று பதிந்து அனுப்பிய இடங்கள். ஆட்டக்காரர் நிறைந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு நிறுத்தம் இருந்தது. எழுத ஆளில்லாத ஊரில் வெறும் சாலைதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் சின்னமனூர் வயற்காட்டில் இறங்கினேன். மேற்கே சாயும் வெயில் எதிரே மேகமலை முழுவதையும் வெளிச்சமாக்கியிருந்தது. வரப்பில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் கிட்டே வந்தார்.

"என்ன தம்பி, படம் புடிக்கிறீகளா?"

"இல்லீங்கய்யா, மலை பேரு காட்டுதான்னு பாக்குறேன்."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெறும் நம்பரால்ல இருக்கு? அது பச்சைக்குமாச்சிப்பா. தோட்டத்து தொரைமாரு ஹைவேவிஸ்னாங்க. இப்ப எல்லாரும் மேகமலைங்கிறாங்க. எங்க அப்பாரு காலத்துல பச்சைக்குமாச்சிதான்."

ஒரே மலைக்கு மூன்று பெயர், மூன்று காலம். மூன்றில் ஒன்றுகூட என் திரையில் இல்லை. இதுபோன்ற செயலிகளில் சில, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து பெயர் எடுத்துக்கொள்கின்றன. அதில் யார் வேண்டுமானாலும் பதியலாம், தமிழிலேயே பதியலாம், பழைய பெயருக்கென்று தனி இடமும் உண்டு. மலையின் உயரத்தை விண்கலம் அளந்து கொடுத்துவிட்டது. பெயரை இந்தப் பெரியவரிடம்தான் வாங்க வேண்டும்.

"ஐயா, பக்கத்துல இருக்கிறதுக்கும் பேரு சொல்வீங்களா? எழுதிக்கிறேன்."

மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு, தெற்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். இருட்டும் வரை எழுதினேன். நோட்டில் இரண்டரைப் பக்கம் நிறைந்தது.